திட்டு வாங்கி வாழ்ந்த குடும்பம்

உலகத்தில் காலை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர் உண்டு, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் உண்டு. பெண்டாட்டி சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டவன் அனேகமாக நான் ஒருவன்தான். "உங்களைப் பார்க்கணும் போல இருக்குங்க" என்பது அந்த வாக்கியம். இடம் மஸ்கட். கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் தரைத்தொட்டிச் சுவர்மேல் நின்று, கூட வேலை பார்த்தவர்களுக்கு அதை அவள் குரலிலேயே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். 'போல இருக்கு' என்ற இடத்தில் கொஞ்சம் வெட்கம் சேர்க்க வேண்டியிருந்தது. வெட்கத்துக்காக ஓரடி பின்னால் வைத்தேன். பின்னால் தொட்டி இருந்தது. தொட்டியில் தண்ணீர் இல்லை.

நான் முட்டாள் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆனால் வெறும் முட்டாள் இல்லை, பரம்பரைச் சாபத்துக்கு உட்பட்ட முட்டாள். இந்த இரண்டாவது தகுதி எல்லோருக்கும் வாய்த்துவிடாது. அந்தப் பெருமையைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு திருவிடைமருதூருக்கும் குத்தாலத்துக்கும் நடுவில், காவிரியிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கூடத்தைத் தாண்டினால் பகலிலும் இருட்டான ஒரு நடை. நடையின் கோடியில் கொல்லைக் கதவு. அதை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை. நீள நீள ஆணிகளை அடித்து அறைந்திருந்தார்கள். வாய்க்கால் நிரம்பி ஓடும் நாட்களில் தண்ணீர் வந்து கதவின் அடியில் மெல்லத் தட்டும். அது தண்ணீர்தான் என்று சின்ன வயதில் நாங்கள் ஒருவரும் நம்பவில்லை. கூடத்துச் சுவரில் கொள்ளுத்தாத்தாவின் பெரிய படம். தலைப்பாகை, மீசை, சந்தன மாலை, மேலே அணையாமல் எரியும் சிவப்பு சீரோ வாட்ஸ் பல்பு. எங்கே நகர்ந்தாலும் அந்தக் கண்கள் கூடவே வரும். குளித்துவிட்டுத் துண்டோடு கூடத்தைக் கடக்க எனக்கு வெகுநாள் கூச்சமாக இருந்தது.

கொள்ளுத்தாத்தா வாலிபத்தில் ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுத்திருக்கிறார். வாய்க்காலுக்கு அக்கரைத் தெருவிலிருந்து எங்கள் வயலுக்கு நடவுக்கு வரும் பெண். உன்னைத்தான் கட்டுவேன் என்று கையடித்துச் சத்தியம் செய்தாராம். அப்புறம் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் நிலம் வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. சத்தியம் சேற்றில் போனது. ஆவணி மாதத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது அந்தப் பெண் வாய்க்காலில் இறங்கி, நனைந்த புடவையோடு கொல்லைக் கதவுக்கு வந்தாள். ஒரு பிடி சேற்றை அள்ளிக் கதவில் அடித்தாள். "இந்த வீட்டுல எவ புருஷன்மேல உசிரா இருக்காளோ, அவ தாலி நிலைக்காது" என்றாள். போய்விட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் காவிரி அவளைக் கொண்டுபோனது. கதவில் ஆணி அறைந்தது மறுநாள்.

அதற்குப் பிறகு நடந்தவை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்கு அவர் மனைவி தன் கையால் வெற்றிலை மடித்து வாயில் வைப்பாளாம். வைக்கோல் வண்டி குடை சாய்ந்து போய்ச் சேர்ந்தார். என் சித்தப்பாவும் சித்தியும் வயல் கிணற்றடியில் சிரித்துப் பேசுவதை ஊரே பார்த்தது. பம்ப்செட் ஷெட்டில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டார் சித்தப்பா. ஆனால் இத்தனைக்கும் காரணமான கொள்ளுத்தாத்தா என்ன ஆனார் தெரியுமா? பல் விழுந்து, மறுபடி முளைக்குமோ என்று எதிர்பார்க்கும் வயது வரை இருந்தார். ஏனென்றால் அவர் மனைவிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கல்யாணத்தன்று கதவில் விழுந்த சேற்றைப் பார்த்தவள் அவள். கடைசிவரை அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் முன்னோர்கள் இதிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள். தவறான பாடம்தான், ஆனால் ஒழுங்காகக் கற்றார்கள். அன்பு ஆளைக் கொல்லும். திட்டு ஆயுளை வளர்க்கும்.

அன்று தொடங்கிய வழக்கம் இது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் வீட்டுப் பெண்கள் கூடத்தில் நின்று, கொல்லைக் கதவுக்குக் கேட்கிற மாதிரி, அவரவர் புருஷனைத் திட்ட வேண்டும். புருஷன் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். முடிந்ததும் சாப்பாடு. விதிகள் உண்டு. சாவைப் பற்றிச் சொல்லக்கூடாது. புருஷனைப் பெற்றவர்களை இழுக்கக்கூடாது. நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னால், கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருக்கும் அந்தச் செத்த பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிடும். எவ்வளவு கடுமையாகத் திட்டினாலும் மரியாதை குறையக்கூடாது.

இதில் என் அம்மாவுக்கு நிகர் அந்த வட்டாரத்திலேயே இல்லை. இதை நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

"நாத்துப் பறிக்கச் சொன்னா கோரையைப் பறிச்சுக்கிட்டு வர்ற ஆளுங்க நீங்க. தலைமடையில பொறந்தும் கடைமடை மாதிரி காஞ்சு கெடக்கு உங்க மூஞ்சி. தூத்தினா மொதல்ல பறக்கிறது நீங்களாத்தான் இருப்பீங்க, அவ்வளவும் பதரு."

அப்பா குனிந்த தலை நிமிராமல், "பதரு நேத்தே சொல்லிட்டே" என்று மெதுவாக எடுத்துக் கொடுப்பார்.

"நேத்துச் சொன்னது கருக்காய். பதரு இன்னைக்குத்தான். திட்டு வாங்கக்கூட ஞாபகசக்தி இல்லையே உங்களுக்கு" என்று அம்மா அதிலிருந்தே அடுத்த திட்டைத் தொடங்குவாள்.

பக்கத்துத் தெருப் பெண்கள் எண்ணெய் கடன் வாங்குகிற மாதிரி வந்து நின்று இரண்டு திட்டுகளைக் கேட்டுக்கொண்டு போவார்கள். மற்ற வீடுகளில் நகையைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். நாங்கள் அம்மாவைக் காட்டிப் பெருமைப்பட்டோம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனால் எப்படி இருக்கும்? குத்தாலத்தில் ஒரு வாத்தியார் வீடு. பெண் தாவரவியல் படித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் அப்பா, "பாட்டுகூட வரும், பாடச் சொல்லட்டுங்களா?" என்றார்.

"பாட்டெல்லாம் வேண்டாங்க" என்றாள் என் அம்மா. "யாரையாவது கொஞ்சம் திட்டிக் காட்டும்மா."

வாத்தியார் கையிலிருந்த தட்டை மெல்லக் கீழே வைத்தார்.

"யாரைங்க?" என்றாள் பெண்.

"இந்தா, இவனைத்தான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நானும் திட்டுவதற்கு ஏற்ற முகத்தை வைத்துக்கொள்ள முயன்றேன். எனக்கு அது இயல்பாகவே வரும். அவள் சொன்னாள்: "திட்டுற அளவுக்கு இவங்க ஒண்ணும் செய்யலையே."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. நான் அந்த நிமிஷமே விழுந்துவிட்டேன். மஸ்கட் தொட்டியெல்லாம் அப்புறம். முதலில் விழுந்தது குத்தாலத்தில்தான்.

"இவ வேணாம்டா. இவ கண்ணுல ஈரம் இருக்கு. உன்னைக் கொன்னுபுடுவா" என்று பஸ்ஸில் வரும்போதே அம்மா அழுதாள். நான் கேட்கவில்லை. கட்டினால் இவளைத்தான், செத்தால் இவளால்தான் என்று வசனம் பேசினேன். அந்த வயதில் சாவது என்பது அடுத்த ஊருக்குப் போய்வருகிற காரியம்போலத்தான் தெரிகிறது.

கல்யாணம் முடிந்து முதல் நாள் விளக்கு வைத்ததும் எல்லோரும் அவளையே பார்த்தோம். என்னை எதிரில் நிறுத்திக்கொண்டு மிகவும் யோசித்து அவள், "நீங்க துண்டைக் கட்டில்மேல போடுறது அவ்வளவு நல்லா இல்லீங்க" என்றாள். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து மருமகளின் பங்கையும் சேர்த்து அவளே என்னைத் திட்டினாள். இரட்டை உழைப்பு.

அது ஆற்றில் தண்ணீர் வந்தால் வந்தது, வராவிட்டால் கோர்ட்டில் இருக்கிறது என்று சொன்ன காலம். குறுவையை நம்பிக் கடைத்தெருவில் யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். ஊருக்குள் கலர் டிவியும் கேபிளும் வந்துகொண்டிருந்தன; ஊரைவிட்டு ஆண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். குழாய் பொருத்தும் வேலைக்கு எனக்கும் மஸ்கட்டுக்கு ஒரு விசா வந்தது. தூரமாகப் போகிறானே, சாபம் எட்டாது என்று அப்பா ஆறுதல் சொன்னார்.

"உங்களுக்கு எப்ப எது வெளங்கியிருக்கு?" என்றாள் அம்மா. "பக்கத்துல இருந்தா சலிச்சுப்போகும். தூரத்துல இருந்தாத்தான் ஆசை அதிகமாகும். இனிமேதான் அவ உஷாரா இருக்கணும்."

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாய் ஒருவர் மஞ்சள் போர்டு போட்டு டெலிபோன் பூத் வைத்திருந்தார். அவர் பிள்ளைகளும் அரபு நாட்டில்தான். ஜும்மா தொழுகை முடிந்து வந்து அவர் பூத்தைத் திறக்கும் நேரத்துக்கு நான் கூப்பிடுவேன். மாமியாரும் மருமகளும் காத்திருப்பார்கள். ரிசீவர் மருமகள் காதில், மருமகள் காதோரம் மாமியாரின் வாய்.

"தண்டச்சோறுன்னு சொல்லு" என்று அம்மா கிசுகிசுப்பது எனக்கே கேட்கும்.

"தண்டச்சோறாம் நீங்க" என்பாள் இவள்.

"'ஆம்' போடாதே. நீயா சொல்ற மாதிரி சொல்லு."

பின்னாலிருந்து பாய் சொல்வார்: "என் பூத்துல அழாத பொண்ணே கெடையாது. உங்க வீட்டுக் கால் வந்தாத்தான் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருது."

எங்கள் அறையில் மற்றவர்கள் மனைவியோடு பேசிவிட்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு படுப்பார்கள். நான் மட்டும் திட்டு வாங்கிக்கொண்டு வந்து இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிடுவேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். ஐயா, எனக்காக ஒருத்தி அத்தனை தூரத்திலிருந்து, வராத கலையை வரவழைத்து, என் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று நான் சொன்னால் யாருக்குப் புரியும்?

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். மருமகள் தனியாக பூத்துக்கு வந்தாள். சாப்பிட்டேனா என்று கேட்டாள். பிறகு அந்த வாக்கியம். மறுநாள் காலை தொட்டி.

மாவுக்கட்டோடு ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? முட்டாள் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்ததும் எல்லோரையும் சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று, நடந்ததை நடந்தபடியே, அபிநயம் உட்பட, மறுபடி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா என்னைத் திட்டவும் இல்லை. அவள் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். கொல்லைக் கதவு பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். பிறகு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இதுவரை எடுக்காத மெல்லிய குரலில், "கொஞ்ச நாளு உங்க அப்பா வீட்டுல இரும்மா. அவன் தூரத்துல இருந்தப்ப காலோட போச்சு. பக்கத்துல இருந்தா என்ன ஆகுமோ. எனக்கு ஒரே புள்ள" என்றாள்.

இவள் எதிர்த்துப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் பையை எடுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். நான் கட்டிலில் கிடந்தபடி கெஞ்சினேன்.

"நீ படிச்சவ. பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறவ. நீயா இதை நம்புறே?"

"நம்பலைங்க" என்றாள். புடவையை மடித்துப் பையில் வைத்தாள். "ஆனா நான் சொன்ன மறுநாளே நீங்க விழுந்தீங்க. அதை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?"

"நான் விழுந்தது என் கோமாளித்தனத்தால."

"அது உங்ககிட்ட எப்பவும் இருக்குமே. அப்ப நான் எப்பவும் பயந்துகிட்டேதானே இருக்கணும்? பயந்துகிட்டு உங்களோட இருக்க என்னால முடியாது. போனா திரும்ப வருவேனான்னு எனக்குத் தெரியல."

என் வாழ்க்கையில் கைவசம் வேடிக்கைச் சரக்குத் தீர்ந்துபோன ஒரே சந்தர்ப்பம் அதுதான். சாபத்தால் செத்திருந்தால்கூட ஒரு மாதிரி கௌரவமாக இருந்திருக்கும். அவள் குத்தாலம் பஸ் ஏறுவதைப் படுத்துக்கொண்டே பார்ப்பது என்பது வேறு.

விளக்கு வைக்கும் நேரம் வந்தது. கடைசியாக ஒரு தடவை அவளே விளக்கேற்றினாள். பை சுவரோரம் தயாராக இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வழக்கப்படி அப்பாவின் எதிரில் போய் நின்றாள். அப்பா தலையைக் குனிந்தார். குரலே எழும்பாமல், "சொல்பேச்சு கேக்காத ஆளுங்க நீங்க" என்று அம்மா தொடங்கினாள். அது அவள் தரத்துக்கு மிகவும் கீழே.

"அத்தை, ஒரு நிமிஷம்" என்றாள் இவள். "அந்தப் பொண்ணுக்குச் சத்தியம் பண்ணிட்டு ஏமாத்தினது யாரு?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. கொள்ளுத்தாத்தாதான்."

"மாமா ஏதாவது ஏமாத்தினாங்களா?"

"இந்த மனுஷனா? இவருக்குச் சீட்டாட்டத்துலயே ஏமாத்தத் தெரியாது."

"அப்ப ஏன் அத்தை மாமாவைத் திட்டுறீங்க? ஏமாத்தினவருக்கு மாலையைப் போட்டு பல்பைப் போட்டு மேல வச்சிருக்கோம். ஒரு பாவமும் செய்யாதவங்களைக் கீழே நிறுத்திவச்சுத் திட்டிக்கிட்டு இருக்கோம். வெளியில நின்னு இதைக் கேக்குற பொண்ணுக்கு எப்படி இருக்கும்? நானா இருந்தா எனக்கு இன்னும் கோவம்தான் வரும்."

இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். சிவப்பு பல்பை அணைத்தாள். மாலையைக் கழற்றிக் கீழே போட்டாள். பிறகு இறங்கி நின்று படத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். துண்டைக் கட்டில்மேல் போடாதீர்கள் என்று சொல்லவே தடுமாறிய அதே பெண்.

"சத்தியம் பண்ணின கையை எங்கேய்யா வச்சிருந்தே, தாலி கட்டுறப்ப? ஒரு பொண்ணு நனைஞ்சு வந்து பின்வாசல்ல நிக்கிறா, முன்வாசல்ல உக்காந்து பாயசம் குடிச்சியே, அது எப்படித் தொண்டையில இறங்குச்சு? அவ பேரையாவது யார்கிட்டயாவது சொன்னியா நீ?"

எங்கள் வீட்டில் ஒருவரை மரியாதை இல்லாமல் திட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஏதோ கிறீச்சிட்டது. பார்த்தால் அப்பா. யாரும் சொல்லாமலே கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடைக்குள் போய்க் கொல்லைக் கதவின் ஆணிகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்று அம்மா அலறினாள்.

"அவளுக்கு நல்லாக் கேக்கட்டும்" என்றார் அப்பா.

கதவு திறந்தது. வாய்க்கால் காற்று கூடத்துக்குள் வந்து விளக்கை ஒரு தடவை அசைத்துப் பார்த்தது. விளக்கு அணையவில்லை. அதற்கப்புறம் என் அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. பதர், கருக்காய், கோரை, களிமண், வாழ்நாள் முழுக்கப் பழகிய அத்தனையும் ஒரே மூச்சில் சரியான விலாசத்துக்குப் போனது. அவள் களைத்து உட்கார்ந்ததும் அப்பா கடப்பாரையோடு வந்து படத்தின் முன் நின்றார். தன் சொந்தத் தாத்தாவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உனக்கு வரவேண்டியதெல்லாம் நான்ல வாங்கிக்கிட்டு நின்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். படத்தை அவரே இறக்கினார். அது இப்போது மாட்டுக்கொட்டகையில் இருக்கிறது. பார்வை இன்னும் அப்படியேதான், மாடுகள் கண்டுகொள்வதில்லை.

மறுநாள் இவள் பஸ் ஏறவில்லை. வாய்க்காலைத் தாண்டி அக்கரைத் தெருவுக்குப் போனாள். அந்தப் பெண்ணின் கூடப்பிறந்தவர்கள் வழிவந்த குடும்பம் அங்கே இருந்தது; அதில் ஒருவர் வங்கியில் அதிகாரி. அவர் இவளை உட்காரச் சொல்லி, மோர் கொடுத்துவிட்டு, "இத்தனை தலைமுறை கழிச்சு இப்பத்தான் அவங்க பேரு என்னன்னு கேக்கத் தோணுச்சா உங்க வீட்டுக்கு?" என்றாராம். இவள், "ஆமாங்க, இப்பத்தான்" என்றாளாம். அவர்கள் மறக்கவில்லை. ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் அவளுக்குப் புடவை வைத்துப் படைத்து வந்திருக்கிறார்கள். பேரைச் சொன்னார்கள். அதை நான் எழுதக்கூடாது என்பது இவள் உத்தரவு. அந்த ஆடிப்பெருக்கில், எங்கள் வீட்டுப் பெண்கள் பயந்து இறங்காமலே இருந்த படித்துறையில், இவள் அதுவரை விடாமல் வைத்திருந்த தன் கல்யாண மாலையைக் காவிரியில் விட்டாள். அக்கரைத் தெருக்காரர்கள் வைத்த புடவைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் புடவையும் இருந்தது. நான் கட்டுக்காலோடு கரையில் உட்கார்ந்து பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்யாத காரியங்களில் எனக்கு மிகவும் பெருமையளிப்பது அதுதான்.

அம்மா பழக்கதோஷத்தில் அப்பாவைத் திட்டுவதை விடவில்லை. அப்பாவும் கேட்காவிட்டால் சாப்பிடமாட்டார். முடி முழுக்க நரைத்து, உறக்கத்திலேயே அவர் போன அன்று, அம்மா அவர் தலைமாட்டில் குனிந்து, "பொன்னான மனுஷன்" என்றாள். அவள் இத்தனை காலமும் சேமித்து வைத்திருந்த நல்ல வார்த்தை.

நான் மறுபடி மஸ்கட் போனேன், வந்தேன். இப்போது பிள்ளைகள் சிங்கப்பூரில். வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். கொல்லைக் கதவு திறந்தே இருக்கிறது. குளிர்நாளில் அந்தக் கால் கொஞ்சம் வலிக்கும். வலித்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

போன வாரம் கொல்லைப் படியில் உட்கார்ந்து இவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாய் பூத்தில் நின்று ஒரு தடவை சொன்னாயே, அதை இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லேன் என்றேன்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இருக்கிற ஒரு காலும் உடையணுமா?"